பயிற்சி போதும், ஐயா!

மதிப்பிற்குரிய நிதி வழங்கும் பெருந்தகையீர்,

வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலை விவசாயிகள் சிலர் சேர்ந்து, வேறு பயிருக்கு மாற உதவி கேட்டு உங்கள் படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறோம். படிவம் கனமாக இருந்ததால், நிரப்பித் தர ஆள் கிடைக்குமா என்று முதலில் விசாரித்தோம். திண்டுக்கல்லில் ஒருவர் அகப்பட்டார். நிதி வந்தால் நூற்றுக்குப் பத்து அவருக்கு. வராவிட்டால் டைப் அடித்த கூலி மட்டும். மாதிரிக்கு என்று பழைய விண்ணப்பம் ஒன்றை எடுத்துப் போட்டார். கடலோர மீனவர் வாழ்வாதாரத்துக்காக எழுதியது. ‘மீன்’ வருகிற இடமெல்லாம் ‘புகையிலை’ என்று மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்றார். மாற்றியும் கொடுத்தார். இரண்டாம் பக்கத்தில் ‘மகளிர் குழுக்கள் வழியாகப் புகையிலையைக் கருவாடாக்கி மதிப்புக் கூட்டுதல்’ என்று இருந்தது. அதோடு அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு நாங்களே எழுதிவிட்டோம். நடை முன்னே பின்னே இருக்கும். கருவாடு இருக்காது.

படிவத்தின் கட்டங்களில் அடங்காததைச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதல் கட்டம், ‘பிரச்சினையின் வரையறை, 200 சொற்களுக்கு மிகாமல்’. மிகுந்துவிட்டது. நாங்கள் விளைவிப்பது மெல்லும் புகையிலை. ஐப்பசியில் நடுவோம், மாசி வாக்கில் அறுப்போம். மொட்டு எட்டிப் பார்த்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். கிள்ளினால் ஒவ்வொரு இலைக் கணுவிலிருந்தும் பக்கக் கிளை வெடிக்கும். அதை விடாமல் ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் இலை சிறுத்துவிடும். ஒடிக்கிற வேலை பெரும்பாலும் பெண்களுக்கு. விடியற்காலைப் பனி இலையில் நிற்கும்போதே இறங்கிவிடுவார்கள். செடியின் பிசின் கையில் ஏறி, வெயில் பட்டுக் கறுத்து, தாராய் உறையும். சாயங்காலம் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தக் கையால் பிசைந்தால் சோறு கசக்கும். ஈர இலையிலிருந்து நிகோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் என்பதால் தலைசுற்றல், குமட்டல், வாந்தி. மருத்துவத்தில் அதற்குப் பச்சைப் புகையிலை நோய் என்று பெயர். எங்கள் ஊரில் பித்தம் என்று சொல்லி ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து மறுபடி வரப்பில் இறக்கிவிடுவோம்.

நாங்கள் விளைவிப்பது என்ன என்று எங்களுக்குத் தெரியாது என நினைத்துக்கொண்டு, ஒருமுறை வந்த நிபுணர் ஒருவர் திரை கட்டிப் புற்றுநோய்ப் படங்களைக் காட்டினார். ஐயா, அந்தப் படத்தை நாங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம். என் பெரியப்பா, தான் விளைவித்ததைத் தானே மென்றவர். கன்னத்தில் ஓட்டை விழுந்தது. ஊற்றிய கஞ்சி அதன் வழியே வழிந்தது. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் அலைந்து, கடைசியில் போய்ச் சேர்ந்தார். கருமாதிச் செலவுக்குக் கைமாற்று கொடுத்தவரும் புகையிலை வியாபாரிதான். அடுத்த வெள்ளாமையில் கழித்துக்கொண்டார். இந்தியாவில் ஆண்டுக்கு 13 லட்சம் பேருக்கு மேல் புகையிலையால் சாகிறார்கள் என்று நீங்கள் துண்டறிக்கை அச்சடித்து எங்களிடம் கொடுக்கிறீர்கள். அந்தக் கணக்கில் ஓர் ஆள் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து போனவர். ஆகவே ‘விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’ என்ற இனத்தில் நீங்கள் ஒதுக்கப்போகும் தொகையை இப்போதே கழித்துக்கொள்ளலாம். எங்களுக்கு விழிப்பு இருக்கிறது. விற்க இடம் இல்லை.

பிறகு ஏன் விடாமல் நடுகிறீர்கள் என்று கேட்பீர்கள். கேட்டவர்கள் எல்லோரும் பதில் வருவதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டார்கள். நீங்கள் படித்து முடிக்கும்வரையாவது உட்கார்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறோம். எங்கள் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உப்பு. வாழைக்கு ஊற்றினால் இலை ஓரம் கருகும். பயறு சுணங்கிப்போகும். மெல்லும் புகையிலை அந்தத் தண்ணீரில்தான் தரம் காட்டும். ஆடு மாடு அதில் வாய் வைக்காது. வேலிச் செலவு இல்லை. அறுத்து, வெயிலில் உலர்த்தி, அம்பாரம் போட்டு, திருப்பி அடுக்கி, சிப்பம் கட்டி வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். இன்று விலை இல்லையென்றால் அடுத்த மாதம் பார்க்கலாம். இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், வியாபாரி வீட்டுக்கே வருகிறார். நடவுக்கு முன்பணம் தருகிறார், மகள் சடங்குக்குத் தருகிறார், ஆஸ்பத்திரிக்குத் தருகிறார். எடையில் அடிக்கிறார், தரத்தில் அடிக்கிறார், வட்டியில் உரிக்கிறார். ஆனாலும் வருகிறார், ஐயா. எங்கள் வெள்ளாமை எதற்கும் வேறு யாரும் இப்படி வந்ததில்லை.

தக்காளிக்கு யார் வருகிறார்? அய்யலூர்ச் சந்தையில் விலை விழுந்த நாளில், பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று பெட்டி பெட்டியாக ரோட்டோரம் கவிழ்த்துவிட்டு வருகிறவர்களை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ‘விவசாயிகள் வேதனை’ என்று கீழே ஓடும். விலை ஏறினால் அதே சேனலில் ‘இல்லத்தரசிகள் வேதனை’ என்று ஓடும். அந்த வாரம் மட்டும் தக்காளிக்காக அமைச்சர்கள் கூட்டம் போடுவார்கள், மலிவு விலைக் கடை திறப்பார்கள், வெளிமாநிலத்திலிருந்து லாரி வரும். விழுந்த வாரத்தில் ஒரு சைக்கிள்கூட வராது.

அடுத்த கட்டம், ‘திட்டத்தின் பங்குதாரர்கள்’. பங்குதாரர் என்றதும் நிஜமான பங்குதாரர்கள்தான் எங்கள் நினைவுக்கு வந்தார்கள். நாட்டின் ஆகப் பெரிய சிகரெட் கம்பெனியான ஐடிசியில் எல்ஐசிக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 15 பங்கு. பழைய யூனிட் டிரஸ்ட் வழியாக மத்திய அரசின் கையில் தங்கிய பங்கு நூற்றுக்கு 8க்குச் சற்றுக் குறைவு. எங்கள் இலையை அந்தக் கம்பெனி வாங்குவதில்லை. சிகரெட்டுக்குப் போவது ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் விளையும் வர்ஜீனியா இலை. நாங்கள் சொல்ல வந்தது வேறு. எல்ஐசி ஏஜெண்ட் பாலிசி எழுத வீட்டுக்கு வரும்போது, படிவத்தில் ஒரு கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: புகையிலைப் பழக்கம் உண்டா? உண்டு என்று எழுதினால் உடம்பைச் சந்தேகப்படுவார்கள். சிகரெட் விற்ற லாபத்தில் டிவிடெண்ட் வாங்கும்போது மட்டும் எந்தச் சந்தேகமும் எழுவதில்லை.

ஓர் இலைக்கு டெல்லியில் எத்தனை எஜமானர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வணிக அமைச்சகத்தின் கீழ் குண்டூரில் 1976 முதல் புகையிலை வாரியம் இருக்கிறது. ஆண்டுதோறும் எவ்வளவு வர்ஜீனியா புகையிலை விளையலாம் என்று அளவு சொல்லி, விவசாயியைப் பதிந்து, சூளைக்கு உரிமம் கொடுத்து, ஏலமும் நடத்தித் தருகிறது. ஏற்றுமதிக் கணக்கு ஏறினால் மாலை போட்டுக்கொள்கிறது. வேளாண் அமைச்சகத்தின் கீழ் ராஜமுந்திரியில் 1947இல் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் வந்தது. வேடசந்தூரில் அதன் கிளை 1948 முதல். (ராஜமுந்திரி நிலையத்துக்கு இப்போது வணிக வேளாண்மை என்று பொதுவாகப் பெயர் வைத்துவிட்டார்கள். எங்களுக்கு முன் பெயர்ப் பலகை மாற்றுப் பயிருக்குப் போய்விட்டது. வாழ்த்துகள்.) அதே வேளாண் அமைச்சகம் புகையிலையை விடுங்கள் என்று மானியமும் தருகிறது. சுகாதார அமைச்சகம் 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் 85 சதவீத இடத்தை அழுகிய வாய்க்கும் தொண்டைக்கும் ஒதுக்கியிருக்கிறது. நிதி அமைச்சகம் நல்லது கெட்டது எதுவும் பேசுவதில்லை, எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணிக்கையிலும் கருணை உண்டு. 2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டை 40 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டு, பீடியை 28இலிருந்து 18க்கு இறக்க முடிவெடுத்தது. ஏழையின் நுரையீரலுக்குச் சலுகை.

சென்னையை விட்டுவிட்டோம் என்று வருத்தப்பட வேண்டாம். வேடசந்தூர் நிலையம் மெல்லும் புகையிலைக்கென்று அருமையான ரகங்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. பாக்கியலட்சுமி, மீனாட்சி, அபிராமி. பெயரைக் கேட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கத் தோன்றும். அரசு விஞ்ஞானி அபிராமியைக் கொடுக்க, நாங்கள் நட்டோம். 2013இல் தமிழ்நாடு அரசு குட்காவையும் புகையிலை சேர்த்து மெல்லும் பண்டங்களையும் தடை செய்தது. ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் தடையைப் புதுப்பித்து வந்தார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், இப்படியே புதுப்பித்துக்கொண்டு போக அதிகாரம் இல்லை என்று தடையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. விளைவிக்கலாம், உலர்த்தலாம், சிப்பம் கட்டலாம், லாரியில் ஏற்றலாம். கடையில் தொங்கவிட்டால் குற்றம். அபிராமி சட்டப்படி பிறந்து, சட்டப்படி வளர்ந்து, பெட்டிக்கடையில் கைதாகிறாள். தடை இருந்த காலத்தில் குட்கா யாருடைய மாமூல் டைரியில் எப்படி ஓடியது, சிபிஐ எந்த வீட்டுக் கதவை எல்லாம் தட்டியது என்பதை நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்த டைரியில் விவசாயி பெயர் ஒன்றுகூட இல்லை. அங்கேயும் நாங்கள் பயனாளிகள் இல்லை.

‘முந்தைய திட்ட அனுபவம்’ என்ற கட்டத்தில் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004இல் ஏற்றது. அதன் 17ஆம் பிரிவு, புகையிலையை நம்பியிருப்பவருக்கு வேறு பிழைப்புக்கு வழி செய்ய வேண்டும் என்கிறது. வழி செய்வதற்கு அரசு பதினோரு ஆண்டு யோசித்தது. 2015-16இல், பஞ்சாப், ஹரியானா பக்கத்துக்கு என்று ஆரம்பித்த பயிர் மாற்றத் திட்டத்தைப் புகையிலை விளையும் பத்து மாநிலங்களுக்கு நீட்டினார்கள். தமிழ்நாடும் அதில் உண்டு. மத்திய அரசு 60, மாநில அரசு 40. மாற்றுப் பயிர் செயல்விளக்கம், இயந்திரம், மதிப்புக் கூட்டல், பயிற்சி என்று தலைப்புகள். ஒவ்வொன்றும் நல்ல தலைப்பு. வாங்குபவர் என்ற தலைப்பு மட்டும் இல்லை.

எங்கள் பக்கத்தில் எந்தத் திட்டத்தின் பயிற்சியானாலும் மார்ச் கடைசி வாரத்தில்தான் வரும். நிதியாண்டு முடிவதற்குள் காசு தீர வேண்டும் அல்லவா? செடிக்கு நிதியாண்டு தெரியாததால் அது ஐப்பசியில் நடவுக்குக் காத்திருக்கும். விதைப் பொட்டலம் பங்குனி வெயிலில் வந்து இறங்கும். ஒரு கல்யாண மண்டபப் பயிற்சியைச் சொல்கிறோம். வாசலில் பேனர். பேனரில் கைகூப்பியவர்கள் ஐந்து பேர், மூலையில் ஒரு முருங்கை மரம். உள்ளே போனதும் முதலில் கையெழுத்துத் தாள் வந்தது. பிறகு இன்னொரு தாள் வந்தது, அதில் தேதி போடாமல் கையெழுத்து. பிறகு தேநீர். பிறகு கம்ப்யூட்டர் படம். உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கு உளுந்து நடச் சொல்லி ஒரு மணி நேரம். எல்லாம் முடிந்து, கேள்வி உண்டா என்று கேட்டார்கள். புகையிலைக்குக் கிளை ஒடித்தே முதுகு வளைந்த அம்மா ஒருவர் பின்வரிசையிலிருந்து எழுந்தார். “ஏஞ்சாமி, நீங்க சொல்றதெல்லாம் வெளைஞ்சுடுச்சுன்னே வெச்சுக்குவோம். வாங்குறது யாரு?”

“மொதல்ல நீங்க வெளைய வைங்கம்மா, மார்க்கெட் தன்னால வரும்” என்றார் நிபுணர். கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு கைத்தெளிப்பான் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள்; படம் எடுத்ததும் அடுத்தவரிடம் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். ஆண்டறிக்கையில் அவர் ‘அதிகாரம் பெற்ற பெண் விவசாயி’யாக இன்றும் சிரித்துக்கொண்டிருப்பார்.

மார்க்கெட் தன்னால் வருவதை ஆந்திரத்தில் பார்த்துவிட்டோம். பிரகாசம் மாவட்டத்துக் கரிசல்காட்டில் புகையிலையைக் குறைத்துக்கொண்டு வெள்ளைக் கொண்டைக்கடலைக்குப் போனார்கள். நீங்கள் சொன்னபடியே போனார்கள். நன்றாக விளைந்தது. 2013, 2014 வாக்கில் விலை சரிந்தது. மூட்டைகள் குளிர்பதனக் கிடங்குகளில் அடுக்கப்பட்டுக் கிடந்தன. அவற்றை ஈடு வைத்து வாங்கிய கடனுக்கு வங்கிகள் ஏல நோட்டீஸ் அனுப்பின. மாற்றுப் பயிர் என்ற பாடத்தை ஒழுங்காகப் படித்து முதல் வகுப்பில் தேறியவனுக்குக் கிடைத்த பரிசு ஏல நோட்டீஸ். அவன் மறுபடி புகையிலைச் சூளையைப் பற்றவைத்தான் என்றால் அவனுக்கு விழிப்புணர்வு போதாது என்று எழுதுவீர்களா?

புகையிலையும் அவனை வாழவைக்கவில்லை. 2015இல் விலை விழுந்தபோது அதே மாவட்டத்தில் புகையிலை விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டார்கள். மாண்டஸ் புயலில் பயிர் போனவர்களுக்கு, அவர்கள் சந்தா கட்டிய வாரிய நல நிதியிலிருந்தே ஆளுக்கு 10,000 ரூபாய் கடன் கொடுத்தார்கள். வட்டி இல்லையாம். அதைப் பெருமையாக அறிக்கை விட்டார்கள். 2025இல் இன்னொரு கூத்து. முந்தைய ஆண்டு கிடைத்த விலையைப் பார்த்து பர்லி புகையிலையை ஆந்திர விவசாயிகள் அள்ளி நட்டார்கள். வாங்க வேண்டிய கம்பெனிகள் கையை விரித்தன. போராட்டம் வெடித்தது. உடனே மாநில அரசு தன் கூட்டுறவு விற்பனை அமைப்பான மார்க்ஃபெட்டை இறக்கி அரசுப் பணத்தில் புகையிலையை வாங்கியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள், ஐயா. அரசால் வாங்க முடியாது, அரசு வியாபாரி அல்ல, சந்தையில் தலையிட்டால் பொருளாதாரம் கெட்டுவிடும் என்று எங்களுக்கு இத்தனை காலம் வகுப்பெடுத்தீர்கள். புகையிலை தேங்கினால் அரசு வாங்குகிறது. புகையிலைக்கு வாரியம் இருக்கிறது, ஏல மேடை இருக்கிறது, உரிமம் இருக்கிறது. முருங்கைக்காய்க்கு என்ன இருக்கிறது? மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் 22 பயிர்களில் தக்காளி இல்லை, முருங்கை இல்லை, சின்ன வெங்காயம் இல்லை. அறிவித்ததிலும் முறையாக வாங்குவது முக்கியமாக நெல்லும் கோதுமையும். நஞ்சுக்கு நாற்காலி போட்டுவிட்டு, சோற்றுக்கும் கறிக்கும் விளைவிக்கிறவனை வாசலில் நிறுத்தி, தொழில்முனைவோனாக மாறு என்று உபதேசம் செய்கிறீர்கள்.

‘பிற நாட்டு முன்னுதாரணங்கள்’ என்று ஒரு கட்டம். இதற்குத்தான் நீங்கள் ஆசைப்பட்டு இடம் விட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆய்வுப் பயணம் போகலாம். போகாமலே சொல்கிறோம். அமெரிக்காவில் 1998இல் 46 மாநிலங்கள் சேர்ந்து சிகரெட் கம்பெனிகளின் சட்டையைப் பிடித்தன. 25 ஆண்டில் 20,600 கோடி டாலர் தர கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. கென்டக்கி மாநிலம் தன் பங்கில் பாதியை விவசாயத்தை மாற்றுவதற்கென்றே ஒதுக்கியது. 2004இல் பழைய புகையிலைக் கோட்டா முறையை ஒழித்தபோது, கோட்டா வைத்திருந்தவருக்குப் பவுண்டுக்கு 7 டாலர், பயிரிட்டவருக்கு 3 டாலர் என்று பத்தாண்டுத் தவணையில் கொடுத்தார்கள். பணம் கம்பெனிகளிடமிருந்து கறந்தது. அங்கேயும் யோக்கியர்கள் மட்டும் இல்லை. வர்ஜீனியாவில் புகையிலைப் பகுதிகளை மேம்படுத்த வந்த நிதியில் எழுத்தறிவு இயக்கம் நடத்துவதாகச் சொல்லி 40 லட்சம் டாலர் சுருட்டியவர் அந்த மாநிலத்தின் முன்னாள் நிதிச் செயலாளர். 2010இல் பத்தாண்டு சிறைக்கு அனுப்பினார்கள். அதாவது திருடன் அங்கும் உண்டு, சிறையும் உண்டு. நம்மூர்த் திட்டங்களில் சிறை என்ற இனத்துக்கு ஒதுக்கீடே கிடையாது.

கென்யாவும் ஓர் உதாரணம். மிகோரி பகுதியில் புகையிலைக்குப் பதில் இரும்புச்சத்து மிகுந்த பீன்ஸ் நடச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் விதையும் கடனும் பயிற்சியும் ஏற்பாடு செய்தன. இதுவரை நம்மூர்க் கதைதான். அடுத்து ஒன்று செய்தார்கள்: விளைந்த பீன்ஸை உலக உணவுத் திட்டம் வாங்கிக்கொள்ளும் என்று ஏற்பாடு. விவசாயிகள் மாறினார்கள். மாறியதற்கு மனோதத்துவக் காரணம் தேடி யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியிருக்கவில்லை. 2023 மே 31 புகையிலை எதிர்ப்பு நாளுக்கு ‘நமக்கு வேண்டியது உணவு, புகையிலை அல்ல’ என்று உலகமெங்கும் முழக்கம் வைத்தார்கள். இங்கேயும் பேனர் கட்டினார்கள். பேனர் கட்டியவர்களில் யாரும் எங்களிடம் உணவு வாங்க வரவில்லை.

இனி வரவுசெலவு. திண்டுக்கல்காரர் போட்டுக் கொடுத்த கணக்கை இணைப்பில் வைத்திருக்கிறோம், அழகுக்காக. திட்ட ஒருங்கிணைப்பாளர் சம்பளம், அவருக்கு ஜீப், ஜீப்புக்கு டிரைவர், ஆலோசகர் கட்டணம், ஆலோசகரை மதிப்பிட இன்னோர் ஆலோசகர், ஆரம்பநிலை ஆய்வு, இடைநிலை ஆய்வு, இறுதிநிலை ஆய்வு, கொடைக்கானலில் இரண்டு நாள் பயிலரங்கு, ட்ரோன் வைத்து ஆவணப்படம், வழவழப்பான காகிதத்தில் வெற்றிக்கதைப் புத்தகம். கடைசி வரியில் ‘விவசாயிகளுக்கு இடுபொருள்’. அதன் எதிரே ‘மீதித் தொகை’ என்று எழுதியிருந்தார். நேர்மையான மனிதர். நாங்கள் பார்த்த எந்தத் திட்டத்திலும் இவ்வளவு உண்மையை எழுத்தில் பார்த்ததில்லை.

‘பெண்கள் பங்கேற்பு’: வேலையில் முக்கால்வாசி. பட்டாவில் தேடிப் பார்த்துச் சொல்கிறோம்.

‘காலநிலை’: மழை வந்தால் அழுகும், வராவிட்டால் கருகும். இதற்குத் தனி இணைப்பு வேண்டுமா?

‘இடர்கள்’ என்ற கட்டத்தில் பூச்சி, நோய், வறட்சி என்று உதாரணம் கொடுத்திருக்கிறீர்கள். எங்களுக்கு அதிகம் பயமுள்ள இடரைச் சொல்கிறோம். நீங்கள் மூன்றாண்டுக்குக் காசு தருவீர்கள். அதை நம்பி நாங்கள் புகையிலையை விடுவோம். விட்டதும் வியாபாரி தன் முன்பணத்தை வேறு ஊரில் கொண்டுபோய் இறக்குவார். மூன்றாம் ஆண்டு முடிவில் உங்கள் கவனம் சிறுதானியத்துக்கோ ஸ்டார்ட்டப்புக்கோ அப்போதைய காய்ச்சல் எதுவோ அதற்கோ திரும்பும். ஜீப் திரும்பிப் போகும். நாங்கள் முருங்கை மரத்தின் கீழே நின்றுகொண்டு, விட்டுப்போன வியாபாரிக்கு போன் போடுவோம். அவர் வருவார். இந்த முறை வட்டியை ஏற்றித்தான் வருவார். உங்கள் இறுதிநிலை ஆய்வில் ‘விவசாயிகளின் மனப்பான்மை மாறவில்லை’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை எழுதியவருக்கும் சம்பளம் போயிருக்கும்.

‘திட்டக் காலத்துக்குப் பின் நிலைத்தன்மையை எவ்வாறு உறுதி செய்வீர்கள்?’ என்று எங்களைக் கேட்கிறீர்கள். 1976இல் புகையிலை வாரியம் அமைத்தபோது இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஐம்பது ஆண்டு நிலைத்திருக்கிறது.

நாங்கள் கேட்பது இதுதான். விதை வேண்டாம், விதை எங்களுக்கு வாங்கத் தெரியும். பயிற்சி வேண்டவே வேண்டாம். எங்கள் மண்ணிலும் உப்புத் தண்ணீரிலும் எது வரும் என்று சோதித்துப் பார்க்க, ஐம்பது குழி நிலத்தில் இரண்டு பருவம் தோற்றுப்போக ஈட்டுத்தொகை வேண்டும். வியாபாரி கடனை ஒரே தடவையில் அடைக்க, கூட்டுறவு வங்கியில் வழி வேண்டும். பள்ளிச் சத்துணவுக்கும் விடுதிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் தினமும் காய்கறி வாங்குகிறார்கள். அதில் ஒரு பங்கை, முன்கூட்டியே பேசிய விலைக்கு, ஐந்து ஆண்டுக்கு எங்களிடம் வாங்க வேண்டும். மூன்றாவதாகச் சொன்னது நடந்துவிட்டால் முதல் இரண்டையும் நாங்களே சமாளித்துக்கொள்வோம். புகையிலையில் வந்த வரியில் ஒரு துளியைத் திருப்பினாலே இதற்குத் தாராளம்.

இந்தக் கோரிக்கை உங்கள் வழிகாட்டு நெறிகளுக்குள் வராது என்று திண்டுக்கல்காரர் முன்பே எச்சரித்தார். கொள்முதலுக்கு நிதி தரும் வழக்கம் இல்லையாம். ‘திறன் மேம்பாடு’ என்று எழுதினால்தான் கையெழுத்தாகுமாம். எங்கள் திறன் போதுமான அளவு மேம்பட்டுவிட்டது. வாங்குகிறவர்களுக்குத் திறன் மேம்பாடு தேவைப்பட்டால் நாங்கள் வந்து பயிற்சி தருகிறோம். மண்டபம் நீங்கள் பிடியுங்கள், மார்ச் மாதம் மட்டும் வேண்டாம், அப்போது எங்களுக்கு இலை அறுப்பு.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில், அலுவலக உபயோகத்துக்கு என்ற இடத்துக்கு மேலே, பேனாவால் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்: ‘விளைந்ததை வாங்குபவர் பெயர், பதவி, விலை, கையொப்பம்’. அதை மட்டும் நீங்கள் நிரப்பித் திருப்பி அனுப்புங்கள். எங்கள் கையெழுத்தை அதற்குப் பிறகு போடுகிறோம்.

இப்படிக்கு,
தேதி போடாத தாளில் இனிக் கையெழுத்திடுவதில்லை என்று முடிவெடுத்த
வேடசந்தூர் வட்டாரப் புகையிலை விவசாயிகள்